மலைமேல் விழுந்த வாக்கு
மேற்கு எல்லையின் கதை – 19

சென்ற இதழை 1954 ஆகஸ்ட் 11-ஆம் தேதியோடு நிறுத்தியிருந்தேன். மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் திருவிதாங்கூர்-கொச்சி போலீஸ் சுட்டு, தமிழர்கள் செத்து விழுந்த நாள் அது. அதைப் படித்துவிட்டு கம்பம், உத்தமபாளையம், போடிப் பக்கத்து வாசகர்கள் எழுதிய கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி. தெற்கே கன்னியாகுமரி வந்தது, செங்கோட்டை வந்தது. நம் தலைக்கு மேலே நிற்கிற தேவிகுளமும் பீர்மேடும் மட்டும் ஏன் வரவில்லை? ஓட்டுப் போட்டு ஜெயித்த பிறகும் ஏன் வரவில்லை? இரண்டொருவர் இன்னும் ஒரு படி மேலே போய், இனிமேலாவது வருமா என்று கேட்டிருக்கிறார்கள்.

இந்த இதழ் முழுக்க அந்தக் கேள்விக்குத்தான்.

விடிவதற்கு முன் கம்பத்தில் கம்பம்மெட்டுச் சாலைப் பக்கம் போய் நின்று பாருங்கள். ஜீப்புகள் வரிசையாக நிற்கும். சேலைக்கு மேல் ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி என்று பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து ஏறுவார்கள். இடம் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. மடியில் ஒருத்தி, மடிமேல் தூக்குவாளி. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஏறி மேலே போய்ச் சேருவதற்குள் மாநிலம் மாறிவிடும். பகல் முழுக்க ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு, சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்குவார்கள். கூலி அங்கே, அரிசி இங்கே. எங்கே போகிறாய் என்று கேட்டால் "மலைக்குப் போறேன்" என்பாள். என் சிறுவயதில் எங்கள் தெருவில் யாரும் கேரளாவுக்குப் போகிறேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. மலைதான். குமுளிக்குப் போனாலும் மலை, வண்டிப்பெரியாருக்குப் போனாலும் மலை, நெடுங்கண்டத்துக்குப் போனாலும் மலை.

அந்தச் சொல்லில் எல்லைக்கோடு இல்லை. ஆனால் 1956-இல் கோடு விழுந்தது. எப்படி விழுந்தது என்பதைத் திருப்பிப் பார்ப்போம்.

1945-இன் கடைசியில் நாகர்கோவிலில் தொடங்கிய இயக்கம், மறு ஆண்டு திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்று பெயர் கொண்டது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகிய ஒன்பது வட்டங்களைத் தாய்த் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்பது அதன் ஒற்றைக் கோரிக்கை. மார்ஷல் நேசமணி அதன் முகம். தனி நாடு கேட்ட இயக்கம் இல்லை இது. ஒரு நாட்டுக்குள்ளேயே ஓர் எல்லைக்கோட்டை நகர்த்தக் கேட்டது. ஆனாலும் தனி நாடு கேட்கிற இயக்கங்கள் மக்கள் தீர்ப்புக்குப் பிறகு எந்த முட்டுச்சந்தில் போய் நிற்குமோ, அதே இடத்தில் இதுவும் போய் நின்றது. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

1954 பிப்ரவரியில் நடந்த திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத் தேர்தலை நேசமணியும் தோழர்களும் ஒரு வாக்கெடுப்பாகவே நடத்தினார்கள். தமிழகத்தோடு இணைய வேண்டும் என்றால் எங்களுக்குப் போடுங்கள் என்பதுதான் பிரச்சாரம். 12 இடங்கள் கிடைத்தன. நாஞ்சில் நாட்டில் மட்டுமா? தேவிகுளத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் அந்தக் கட்சிக்கே வாக்கு விழுந்தது. லயம் என்னும் வரிசை வீடுகளில் குடியிருந்தவர்கள், துரைமாருக்கும் கங்காணிக்கும் பயந்து வாழ்ந்தவர்கள், சொந்தமாக ஒரு செண்ட் நிலம் இல்லாதவர்கள். அவர்கள் தங்கள் விருப்பத்தைச் சொன்னார்கள். அந்தத் தேர்தலுக்குப் பிறகு 19 இடங்களே பெற்ற பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுப்பிள்ளை, காங்கிரஸ் ஆதரவோடு முதலமைச்சரானார். ஜூலையில் நேசமணியும் மற்றத் தலைவர்களும் மூணாறுக்குப் போய்த் தடையை மீறிக் கைதானார்கள். அந்தக் கைதுக்கு எதிரான கொந்தளிப்புதான் ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்தில் குண்டடி பட்டது.

அதே 1954-இல், தமிழ் பேசுகிற இன்னொரு மூலையில், இன்னொரு வாக்கெடுப்பு நடந்தது. அக்டோபர் 18-ஆம் தேதி புதுச்சேரிக்குப் பக்கத்துக் கீழூரில் பிரெஞ்சிந்தியப் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கைமாறிவிட்டது. இரண்டே வாரம்! அங்கே வாக்கு ஒரு சிற்றூரில் எண்ணப்பட்டு வரலாறானது. இங்கே வாக்குப் பெட்டியில் எண்ணப்பட்டுக் கோப்பில் போய்ப் படுத்துக்கொண்டது. என்ன வேறுபாடு? கீழூரில் விழப்போகிற முடிவை தில்லியும் பாரிசும் ஏற்கெனவே பேசி முடித்திருந்தன. தேவிகுளத்து வாக்கை எண்ணுவதற்கு முன் யாரும் அப்படி ஒரு வாக்குறுதி கொடுக்கவில்லை. முடிவெடுக்கிற அதிகாரம் உள்ளவன் முன்கூட்டி ஒப்புக்கொள்ளாத வாக்கெடுப்பு, விருப்பத்தைப் பதிவு செய்யும். அவ்வளவோடு நின்றுவிடும்.

முடிவெடுக்க வேண்டிய இடம் மாநில மறுசீரமைப்பு ஆணையம். பசல் அலி தலைவர், குன்ஸ்ருவும் கே.எம். பணிக்கரும் உறுப்பினர்கள். 1955 செப்டம்பர் 30-இல் அறிக்கை வந்தது. தெற்கே தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்கு. தேவிகுளம், பீர்மேடு கேரளத்துக்கு. தேவிகுளத்தில் தமிழர் தெளிவான பெரும்பான்மை என்பதை ஆணையம் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெரும்பான்மை தோட்ட வேலைக்கு வந்து போகிற கூட்டம், அது நிலையானதல்ல என்று ஒதுக்கியது. அதைவிட முக்கியம், அந்த மலை கேரளத்துக்குப் பொருளாதார உயிர்நாடி என்றது. நெருக்கியடித்துக்கொண்டு வாழும் சமவெளி மக்களைக் குடியேற்ற அந்த மாநிலத்துக்கு இருந்த இடம் அதுதான். மின்சாரமும் அங்கேதான். 1940-இலேயே பள்ளிவாசலில் மின் உற்பத்தி தொடங்கிவிட்டது. நமக்கு உயிரான முல்லைப் பெரியாறு அணையும் பீர்மேடு வட்டத்தில்தான் நிற்கிறது.

பணிக்கர் கேரளத்துக்காரர் என்பதைச் சொல்லி நம் பக்கத்தில் இன்றும் குமுறுவார்கள். பசல் அலி தம் சொந்த மாநிலமான பீகாரின் எல்லைத் தகராறில் கருத்துச் சொல்லாமல் ஒதுங்கினார், பணிக்கர் அப்படி ஒதுங்கவில்லை என்பது உண்மை. அந்த மனக்குறை நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் ஒருவரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டால் பெரிய காரணம் மறைந்துபோகும். வந்து போகிற கூட்டம் என்ற அந்தச் சொற்களை நினைத்துப் பாருங்கள். மூன்று தலைமுறை ஒரே லயத்தில் பிறந்து, அதே தோட்டத்தில் கொழுந்து கிள்ளி, அதே மலையில் புதைந்தவர்களைப் பற்றிய சொற்கள் அவை. நிலம் இல்லாதவனுக்கு ஊர் இல்லை என்ற தீர்ப்பு அதற்குள்ளே இருக்கிறது. 2020 ஆகஸ்டில் மூணாறுக்கு மேலே பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் லயத்தோடு புதைந்தபோது, அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அப்போதும் பேச்சு அங்கேயேதான் வந்து நின்றது: இத்தனை தலைமுறைக்குப் பிறகும் சொந்தமாக ஒரு மனை இல்லையே!

1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. நாகர்கோவிலில் வெடி வெடித்தார்கள். அந்த மகிழ்ச்சிக்கு அவர்கள் ரத்தம் கொடுத்திருந்தார்கள், அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் மலைக்கு அன்று என்ன கிடைத்தது? தலைவர்கள் அனைவரும் தெற்கே. கட்சியின் அலுவலகம், பணம், பத்திரிகைத் தொடர்பு, வக்கீல்கள் எல்லாம் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும். தெற்குக் கோரிக்கை நிறைவேறியதும் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அது இந்திய தேசிய காங்கிரசில் கரைந்தது. 1957-இல் அதன் தலைவர்களில் ஒருவரான தாணுலிங்க நாடார் காங்கிரஸ்காரராக நாகர்கோவிலிலிருந்து மக்களவைக்குப் போனார். 1962-இலும் 1967-இலும் நேசமணி அதே கட்சியின் சார்பில் போனார். 1968-இல் அவர் மறைந்தபின் 1969 இடைத்தேர்தலில் அந்தத் தொகுதியில் வென்றவர் காமராஜர்.

காமராஜர் பெயரை எடுத்ததும் கம்பத்து டீக்கடையில் ஒருவராவது "குளமாவது மேடாவது" என்று தொடங்குவார். எல்லாம் இந்தியாவுக்குள்ளேதானே இருக்கிறது என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு. வாய்வழியாக வந்ததை நான் சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் எழுபது ஆண்டுகளாக ஒரு பள்ளத்தாக்கு அந்த ஒரு வரியை மறக்காமல் வைத்திருக்கிறது என்பதே ஒரு செய்தி. தில்லித் தலைமையோடு மோத 1955-இல் சென்னைக் காங்கிரஸ் தயாராக இல்லை. நம் பள்ளத்தாக்கும் அன்று பெரிதாகக் கிளர்ந்து எழவில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். போடியிலும் கம்பத்திலும் இருந்த ஏலத்தோட்டக்காரர்களுக்கு மலையில் பட்டா இருந்தது. எந்த அரசு வந்தாலும் பட்டா பட்டாதான். ஜீப்பில் ஏறுகிறவளுக்காகப் பேச கீழே ஆள் இல்லை. மேலே லயத்தில் இருந்தவருக்காகப் பேச நாகர்கோவிலிலிருந்து வந்தவர்கள் 1956-க்குப் பிறகு வரவில்லை.

அந்த வெற்றிடத்தில் யார் நுழைந்தார்கள்? செங்கொடி நுழைந்தது.

1957-இல் கேரளத்தின் முதல் தேர்தலில் தேவிகுளத்தில் வென்றவர் கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூஸ். எதிர்த்துப் போட்டியிட முனைந்தவரின் வேட்புமனுவைத் தள்ளியது செல்லாது என்று வழக்காகி, அந்தத் தேர்தல் ரத்தானது. 1958-இல் இடைத்தேர்தல். ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அரசு மிகக் குறுகிய பெரும்பான்மையில் நின்றுகொண்டிருந்த நேரம். ஒரு தொகுதி கைவிட்டுப் போனாலும் ஆபத்து. அந்தத் தொகுதியில் வாக்காளர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். அவர்களிடம் மலையாளத்தில் பேசி ஓட்டு வாங்க முடியுமா?

கட்சி, மலைக்குக் கீழே நம் பண்ணைப்புரத்தைத் தேடி வந்தது. பாவலர் வரதராஜனை மேலே அழைத்துப் போனார்கள். ஆர்மோனியத்தை எடுத்துக்கொண்டு அவர் தோட்டம் தோட்டமாகப் பாடினார். கூலியையும் கங்காணியையும் லயத்துக் கூரையையும் பற்றி, தொழிலாளர்கள் வீட்டில் பேசுகிற தமிழில், அவர்கள் திருவிழாவில் கேட்டுப் பழகிய மெட்டுகளில் பாடினார். அந்த நாட்களில்தான் தம்பி ராசய்யாவும் அண்ணனோடு கூட்டங்களுக்குப் போகத் தொடங்கினார். பின்னாளில் உலகம் அவரை இளையராஜா என்று அறிந்தது. ரோசம்மா புன்னூஸ் மறுபடி வென்றார். அந்த வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு என்று நம்பூதிரிபாடே பாராட்டியதாகச் சொல்வார்கள்.

நான் நின்று யோசிக்கிற இடம் இதுதான். 1954-இல் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று வாக்களித்த அதே கைகள், நான்கே ஆண்டில் கேரள அரசைக் காப்பாற்ற வாக்களித்தன. துரோகமா? இல்லவே இல்லை. எல்லைக் கேள்வி அவர்கள் தலைக்கு மேலே தீர்ந்துவிட்டது. அவர்களிடம் மிச்சம் இருந்தது கூலிக் கேள்வி. அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்கள் மொழியில் பாடியவனுக்கு அவர்கள் வாக்களித்தார்கள். அந்தப் பாடகன் தமிழன், கம்பம் பள்ளத்தாக்குக்காரன். தமிழ் அங்கே தோற்கவில்லை. அதை ஏந்திக்கொண்டு போன கட்சிதான் மாறியது.

இதற்கிடையே மலையின் கணக்கே மாறிக்கொண்டிருந்தது. இரண்டாம் உலகப்போர்ப் பஞ்சத்தில் உணவு விளைவிக்க என்று காட்டைக் குத்தகைக்கு விட்டபோதே மத்திய திருவிதாங்கூர் விவசாயிகள் மலையேறத் தொடங்கிவிட்டார்கள். பட்டம் தாணுப்பிள்ளை அரசு உயர்மலைக் குடியேற்றத் திட்டம் கொண்டுவந்து, குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர் என்று நிலம் கொடுத்துக் குடியமர்த்தியது. நெடுங்கண்டத்துக்குப் பக்கத்தில் பட்டம் காலனி என்றே ஓர் ஊர் இன்றும் இருக்கிறது. அந்தக் குடியேறிகளும் ஏழைகள்தான், காட்டு யானையோடும் மலேரியாவோடும் போராடித்தான் நிலைத்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வந்த புதிதிலேயே அவருக்குப் பட்டா, மூன்று தலைமுறையாக இருந்தவருக்கு லயம். 1972 ஜனவரி 26-இல் இடுக்கி மாவட்டம் உருவானது. 1976-இல் இடுக்கி மின்நிலையம் ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகு அந்த மலையைக் கேரளம் விட்டுக்கொடுக்கும் என்று நினைக்க எந்த ஆதாரமும் இல்லை.

மக்கள் தீர்ப்புக்குப் பிறகு இப்படிப்பட்ட இயக்கங்கள் மற்ற இடங்களில் என்ன ஆயின என்று வெளியே கொஞ்சம் பார்த்துவிட்டு வருவோம். 1967 ஜனவரி 16-இல் கோவாவில் கருத்துக் கணிப்பு. மகாராஷ்டிரத்தோடு சேரலாமா, தனியாக இருக்கலாமா? 34,021 வாக்கு வித்தியாசத்தில் தனியாக இருப்பது என்று முடிவாயிற்று. சேர வேண்டும் என்ற மகாராஷ்டிரவாதி கோமாந்தகக் கட்சி தோற்றது. தோற்ற அந்தக் கட்சியே சில வாரங்களில் நடந்த தேர்தலில் ஆட்சியைப் பிடித்து, 1979 வரை விடாமல் ஆண்டது. கனடாவின் கியூபெக்கில் 1980-இல் தனி நாட்டுக்காரர்கள் தோற்றார்கள், மறு ஆண்டே மாகாண ஆட்சியைத் தக்கவைத்தார்கள். 1995-இல் மறுபடி வாக்கெடுப்பு: 49.42 விழுக்காடு வரை வந்து நூலிழையில் தோற்றார்கள். ஸ்காட்லாந்தில் 2014-இல் 55 விழுக்காட்டினர் தனி நாடு வேண்டாம் என்றார்கள். எட்டே மாதத்தில், தோற்ற கட்சி அங்கிருந்த 59 நாடாளுமன்ற இடங்களில் 56-ஐ அள்ளியது. 2024-இல் அதே கட்சி 9 இடத்துக்கு இறங்கியது. அந்த அலை நிரந்தரம் இல்லை. ஆனால் அலை எழும்ப ஒரு குளம் வேண்டும் அல்லவா? அவர்களுக்குச் சொந்த சட்டமன்றம் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது. கியூபெக்கில் 1977-லேயே பிரெஞ்சு மொழிச் சட்டம் இருந்தது. இரண்டு தோல்விக்குப் பிறகும் அந்தச் சட்டம் நின்றது.

வென்றும் வழி அடைபட்டவர்களும் உண்டு. 1977-இல் ஈழத்தில் தனிநாட்டுக் கோரிக்கையை முன்வைத்து 18 இடங்களை வென்ற தமிழர் விடுதலைக் கூட்டணியை, 1983-இன் ஆறாவது அரசியல் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தை விட்டே வெளியே நிறுத்தியது. அந்தக் கதை நமக்குத் தெரியும்.

நம் மலையில் நடந்தது இன்னொரு விதம். வென்ற கட்சி தானாகவே கலைந்தது. பாதிக் கோரிக்கை நிறைவேறியதே மீதிக் கோரிக்கைக்கு எமனானது. மூணாறிலோ வண்டிப்பெரியாரிலோ மலைத் தமிழருக்கென்று ஒரு கிளையை, ஓர் அச்சகத்தை, ஒரு சங்கத்தையாவது விட்டுவிட்டுப் போயிருந்தால் கதை வேறு விதமாகப் போயிருக்கும் என்பது என் துணிபு. எல்லை மாறியிருக்காது. ஆனால் மனை, பட்டா, தமிழ்வழிப் பள்ளிக்கு ஆசிரியர் என்று கேட்க ஒரு வாய் இருந்திருக்கும். கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுத உரிமை கொடுக்கிறது. அந்த உரிமையை நாள்தோறும் பயன்படுத்த வைக்கிற அமைப்பு வேண்டுமே!

2011 டிசம்பரை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். முல்லைப் பெரியாறு அணையை உடைக்கப் போகிறார்கள் என்ற அச்சத்தில் கூடலூர், கம்பம், சுருளிப்பட்டி என்று ஊர் ஊராகத் திரண்டு ஆயிரக்கணக்கானோர் குமுளியை நோக்கி நடந்தார்கள். லோயர் கேம்பில் போலீஸ் மறித்தது. 14,707 ஏக்கர் இருபோக நிலத்தின் நாற்றங்காலே போய்விடும் என்ற பயம் அது, அதை நான் நேரில் உணர்ந்தவன். அப்போதுதான் தேவிகுளம், பீர்மேட்டைத் திருப்பிக் கொடு என்ற முழக்கம் அரை நூற்றாண்டுக்குப் பிறகு மறுபடி எழுந்தது. ஆனால் அதே வாரங்களில் மேலே தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் மிரட்டப்பட்டு, காட்டுப்பாதை வழியாகக் குழந்தைகளோடு கீழே இறங்கி ஓடிவந்தார்கள். கீழே மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. ஜீப்புகள் நின்றன. மலைக்குப் போகிறவளுக்குக் கூலி நின்றது. யாருக்காக முழக்கம் எழுந்ததோ அவளிடம் யாரும் கேட்கவில்லை.

நான்கு ஆண்டு கழித்து, 2015 செப்டம்பரில், மூணாறுத் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் தாங்களே தெருவுக்கு வந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். "பெண்கள் ஒற்றுமை" என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள், மலையாளப் பத்திரிகைகள் அதைப் "பெம்பிளை ஒருமை" ஆக்கின. பழைய தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் சேர்க்கவில்லை. 20 விழுக்காடு போனஸ் கேட்டு ஒன்பது நாள் சாலையை விட்டு நகரவில்லை. கிடைத்தது. பிறகு உள்ளாட்சித் தேர்தலிலும் நின்று சில இடங்களை வென்றார்கள். எந்த மாநிலத்தோடு சேர வேண்டும் என்று அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் 1955-இல் ஆணையம் வந்து போகிற கூட்டம் என்று எழுதிய மக்களின் பேத்திகள், இந்த மலை எங்கள் மலை என்ற உரிமையோடு அந்தச் சாலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆகவே, இனி வருமா என்று கேட்ட வாசகருக்கு: எல்லைக்கோடு நகரும் என்று நான் நம்பவில்லை. நகராத கோட்டுக்கு மேலே இருக்கிற நம் ஆட்களுக்கு மனையும் பள்ளிக்கூடமும் கேட்கிற வேலையை 1956-இல் பாதியில் விட்டோம். அதைத் தொடரலாம். அதற்கு ஆணையம் எதுவும் அனுமதி தர வேண்டியதில்லை.

சித்திரை முழுநிலவன்று மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் பளியன்குடியிலிருந்து நம் ஆட்கள் நடந்தே ஏறுவார்கள். குமுளி வழியாக ஜீப்பிலும் வருவார்கள். அந்தக் கோயில் யாருடையது என்ற வழக்கும் இன்னும் முடியவில்லை. அதனால் ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் திறக்கிறார்கள். அதற்கு முன்பாகத் தேனி ஆட்சியரும் இடுக்கி ஆட்சியரும் உட்கார்ந்து பேசுவார்கள்: எத்தனை ஜீப், எந்த இடத்தில் குடிநீர், எத்தனை மணிக்கு எல்லோரும் இறங்க வேண்டும் என்று. மேலே இரண்டு மாநிலப் போலீசும் நிற்கும். தமிழிலும் மலையாளத்திலும் மாறி மாறி ஒலிபெருக்கி அறிவிக்கும். மஞ்சள், வளையல், பச்சைப் பட்டு என்று கொண்டுபோனதை வைத்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் பெண்கள் இறங்கிவிடுவார்கள். மறுநாள் விடியலில் அவர்களில் பலர் தூக்குவாளியோடு கம்பம்மெட்டுச் சாலையில் நிற்பார்கள்.

அடுத்த இதழில், 1886 அக்டோபர் 29-ஆம் தேதி கையெழுத்தான, முல்லைப் பெரியாறு அணைக்கான 999 ஆண்டுக் குத்தகைக்குப் போவோம்.